கை நீட்ட வேண்டியவர் யார்?

ஈகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொடுப்பவனுடைய உள்ளத்தையே அளந்து பார்க்கின்றனர். புகழுக்காகக் கொடுத்தானா, புண்ணியத்திற்காகக் கொடுத்தானா என்று விசாரிக்கின்றனர். ஆனால், கேட்கும் கை யாருடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் கேள்வியை எழுப்புவோர் அரியர். எனது அபிப்பிராயத்தில் முதற்கண் கேட்கத்தக்கது அதுவேயாகும்.

கோலா பிலாத் தோட்டங்களில் ஒரு குடும்பத்தினுள் புற்றுநோய் புகுந்தால் நிகழ்வது யாது? அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சொற்பமே. எனினும், தூரத்துச் சிகிச்சைக்குப் போய்வரும் செலவும், வேலைக்குப் போகாமையால் இழந்த கூலியும் சொற்பமல்ல. ஆகவே, சம்பள நாளன்று நோயாளியின் மனைவி ஒரு காகிதத்துடன் வாயிலில் நிற்கிறாள். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளியென்று கொடுப்போர் கொடுக்கின்றனர். கணக்கெழுதும் என் போன்ற கிராணிகள் காண்பது அவ்வெள்ளியை மட்டுமன்று. அவள் தலை தாழ்ந்திருப்பதையுமாம். நோய் உடலை வருத்த, யாசகம் மானத்தை வருத்துகிறது.

இதற்கு மாறானதொரு வழியை விளையாட்டு அன்பர்கள் காட்டியுள்ளனர். இலங்கையில் உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்தது. 2011-இல் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தூரத்தைச் சிலர் நடந்தே கடந்தனர். அவர்கள் திரட்டிய பொருள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழ உதவிற்று. 2016-இல் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மற்றொரு நடை நிகழ்ந்தது. காலிக்கு அருகேயுள்ள கராப்பிட்டியில் அத்தகைய மருத்துவமனை அமைப்பதே அதன் நோக்கம். அதில் முன்னின்றோருள் கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தனவும் ஒருவர். மூளைக்கட்டியால் இளம் வயதிலேயே தம்பியை இழந்தவர் அவர்.

“பணந்தானே தேவை? வீட்டிலிருந்தே அனுப்பலாகாதா? வீண் நடை எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். நடை வீணன்று. நோயாளியின் கையிலிருந்த காகிதத்தை நடப்பவன் தன் கையில் வாங்கிக்கொள்ளுகிறான். வலியவன் கேட்பதில் இழிவில்லை. அவன் தனக்கென்று கேட்கவில்லையன்றோ? அவ்வாறெழுந்த மருத்துவமனையுள் நுழைபவர் எவருடைய முகத்தையும் பார்த்துக் கூச வேண்டுவதில்லை.

கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ் நோயாளியாய் இருந்தும் பிறர்க்கென்றே கேட்டார். புற்றுநோயால் வலக்காலை இழந்த அவ்விளைஞர், 1980-இல் செயற்கைக்காலுடன் 143 நாட்கள் ஓடினார். ஆராய்ச்சிக்காகத் தம் நாட்டினர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வேண்டினார். 1981-இல் மறைவதற்கு முன்பே அத்தொகை திரண்டுவிட்டது.

நிற்க. இம்முறையிலும் கேடு புகலாம். நோயாளியை மேடையேற்றி, பெரிய காசோலையைப் பிடிக்கச் செய்து படமெடுப்போமாயின், நீண்ட கை மீண்டும் அவருடையதே ஆகிவிடும். சட்டைக்கும் விருந்துக்கும் பதாகைக்கும் பெரும்பகுதி போய், மீந்தது மட்டும் நோயாளிக்குச் சேருமாயின், அது விளையாட்டுமன்று, உதவியுமன்று.

நம் தோட்டங்களிலும் பந்தாட்டக் குழுக்கள் உண்டு. ஆண்டிற்கோர் ஆட்டத்தின் வசூலை அவை இதற்கென ஒதுக்கலாகாதா? கேட்பது குழுவினர் வேலையாகட்டும். வரவு செலவை யாவரும் படிக்க அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெற்றவர் பெயரை மட்டும் ஒட்டாதிருக்கட்டும்.