வாங்குகிறவனின் மனச்சான்று

விற்கிறவனின் நேர்மையைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். கள்ளத் தராசையும் கலப்படப் பாலையும் அளவு குறைந்த படியையும் கண்டித்து எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். வாங்குகிறவனின் நேர்மையைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. பணம் கொடுப்பவன் எப்படி அநீதி செய்துவிட முடியும் என்று எண்ணிவிடுகிறோம் போலும். அவ்வெண்ணம் பிழையானது என்பதை, பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கப் போன இடத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

திருச்சி பாலக்கரையில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு, கோவையிலுள்ள மகனிடம் போகவிருந்தார். மகனுடைய அடுக்குமாடி வீட்டில் அவருக்கே ஓர் அறைதான், பொருள்களுக்கு இடமில்லை. போவதற்கு ஆறு நாள்கள் இருக்கையில், அவருடைய காலால் மிதிக்கும் சிங்கர் இயந்திரம் விலைக்கு வருகிறதென்று நண்பர் ஒருவர் சொன்னார். மாமியார் தவணை முறையில் வாங்கிய இயந்திரமாம் அது. அந்நிறுவனம் 1856ஆம் ஆண்டிலேயே தவணை விற்பனையைத் தொடங்கிவிட்டது. அதனாலேயே முழு விலையையும் ஒருசேரக் கொடுக்க இயலாத எளிய வீடுகளுக்குள்ளும் அந்த இரும்புச் சக்கரம் நுழைந்தது. கணவரை இழந்தபின் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அதே சக்கரம்தான் என்றார் மூதாட்டி.

அவர் கேட்ட விலை 5,000 ரூபாய்.

என் தந்தை தையற்கடை வைத்திருந்தவர். அவருடைய இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டு வளர்ந்தவன் நான். எனவே எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அடித்தட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்கு முன்னுள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டு, இயந்திரம் எந்த ஆலையில் எந்த ஆண்டு பிறந்தது என்று கண்டறியலாம். இது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்டது. அவ்வாலை 1980ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. பாபின் வட்டவடிவமானது, ஆகவே உதிரிப்பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. துணியை நகர்த்தும் பற்களை விரலால் தடவினேன். தேயவில்லை. ஷட்டில் ஓடும் பாதையிலும் பழுதில்லை.

இவ்வளவையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டு, வாயால் நான் சொன்னவை வேறு. "சக்கரமே சுற்றவில்லையே அம்மா. தகடெல்லாம் துருப் பிடித்திருக்கிறது. பெல்ட்டும் அறுந்துகிடக்கிறது. பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றேன். சக்கரம் சுற்றாததற்குக் காரணம் உறைந்துபோன பழைய எண்ணெய். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் இளகிவிடும். துருவோ மேலாகப் படிந்தது. பெல்ட் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எல்லாம் எனக்குத் தெரியும்.

"எனக்கென்ன தெரியும் தம்பி, நான் மிதிச்சே எட்டு வருஷமாச்சு" என்று அவர் 3,000 ரூபாய்க்கு இசைந்தார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டிற்கு வந்ததும் மனைவியிடம் என் திறமையைச் சொல்லி மகிழ்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அம்மாகிட்டயும் இப்படியே சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, அப்பால் போனபின் தன்னையே மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் நூல் (20:14) காட்டுகிறது. பல முறை வாசித்த பகுதிதான்; அன்றுதான் அதில் என் முகத்தைப் பார்த்தேன்.

ஆயினும் மனம் எளிதில் பணிவதில்லை. மூன்று நியாயங்களை அது முன்வைத்தது. அவர் விரும்பித்தானே இசைந்தார்? என் அறிவு பல ஆண்டு உழைப்பால் வந்ததன்றோ, அதற்குப் பயன் வேண்டாமா? பேரம் பேசாமல் உலகில் யார்தான் வாங்குகிறார்கள்?

இந்தக் கேள்விகள் பழையவை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில், வாங்கல் விற்றலைப் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். விற்பவர் பொன்னைப் பித்தளையென்று எண்ணி விற்க, அது பொன்னென்று அறிந்தும் வாங்குகிறவன் அநீதி செய்கிறான். அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அவருடைய முடிவு. அதே பகுதியில் மற்றொரு நிலையையும் அவர் எடுத்துக்கொள்கிறார். பஞ்சமுள்ள ஊருக்குக் கோதுமை கொண்டுபோகும் வணிகனுக்கு, பின்னால் இன்னும் பலர் கோதுமையோடு வருவது தெரியும். அதை அவன் சொல்லியே ஆகவேண்டுமா? நீதியின்படி கட்டாயமில்லை, சொன்னாலோ, விலையைக் குறைத்தாலோ அது மேலான பண்பு என்கிறார்.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் என் வழக்கும் அடங்கியிருந்தது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய இயந்திரங்கள் என்ன விலைக்குப் போகும் என்ற செய்தி சந்தையைப் பற்றியது. அதைப் பற்றி நான் வாய் திறவாமல் இருந்திருந்தால், பெருந்தன்மையில் குறைந்தவன் என்ற அளவோடு போயிருக்கலாம். ஆனால் நான் பேசாமல் இருந்தவன் அல்லன். கையிலிருந்த பொருள் நல்லது என்று அறிந்தே அதைக் கெட்டது என்றேன். பொன்னைப் பித்தளையென்று அவர் எண்ணவில்லை; எண்ணும்படி செய்தவன் நான்.

அவ்வாறாயின் அவருடைய இசைவுக்கு என்ன மதிப்பு? பொய்யின் மேல் எழுந்த இசைவு இசைவாகாது. ஆறு நாள் அவகாசம் மட்டுமே உள்ளவரின் இசைவில் பாதி அவசரத்தினுடையது. அறிவுக்குக் கூலி உண்டு என்பது உண்மைதான். பழுதுபார்க்கத் தெரிந்தவன் பழுதுபார்த்துக் கூலி பெறலாம். அறியாதவரின் அறியாமையிலிருந்து பெறுவது கூலியாகாது. பேரமும் தவறன்று. என்னால் இவ்வளவுதான் இயலும் என்று சொல்வதும் பேரமே. அதில் வாங்குகிறவன் தன் பையைப் பற்றிப் பேசுகிறான். பொருளைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

மறுநாள் வண்டியோடு போனேன். சக்கரத்தைப் பற்றியும் துருவைப் பற்றியும் உள்ளதைச் சொன்னேன். காரைக்குடிக்குக் கொண்டுபோனால் கூடுதலாகவே கிடைக்கக்கூடும், வேண்டுமானால் நானே ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நேத்து ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

கோபமில்லை அந்தக் குரலில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஏழைமையால் என்றோ, அறியாமையால் என்றோ சொல்ல எனக்கு வழியில்லை. 2,000 ரூபாய் இல்லாமல் வாடும் நிலையில் நான் இல்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்கே தென்படவில்லை. தலைகுனிந்து நின்றேன்.

"கடைக்காரன் காலைக் கழட்டி மேசையாக்கிடுவான். உங்க வீட்டுல தைப்பாங்களா?" என்று பிறகு கேட்டார். மனைவி தைப்பாள் என்றேன். அவர் முதலில் கேட்ட 5,000 ரூபாயே போதும் என்றுவிட்டார்.

இயந்திரம் இப்போது எங்கள் வீட்டுச் சன்னல் ஓரத்தில் ஓடுகிறது. சக்கரம் இரண்டே நாளில் இளகிவிட்டது. ஒரு பொருளை வாங்கலாமா என்று தயங்கும்போது, பணம் இருக்கிறதா, பயன்படுமா, இடம் உண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். எனக்கு இப்போது நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. இந்தப் பொருளைப் பற்றி வீட்டில் நான் பேசப்போவதை, விற்பவரின் முகத்துக்கு நேராகவும் பேச முடியுமா? முடியாதென்றால் அந்த விலைக்கு அதை வாங்காமல் திரும்புவதே நல்லது.