நெஞ்சு நோயும் ஜமாஅத்தின் பொறுப்பும்

 

கோவையில் நாம் இமாமத் செய்யும் மஹல்லாவில் நடந்த ஒரு ஜனாஸாவைக் கொண்டே இந்த மாதப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. லேத் பட்டறை வைத்திருந்த சகோதரர் அவர். வயது நாற்பத்து மூன்று. ஐவேளைத் தொழுகையாளி. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு பக்கத்து மண்டபத்தில் வலீமா விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர், பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டிற்று. இடது தோளைப் பிடித்துக்கொண்டார். “வாயுங்க அஜ்ரத், நெஞ்சுல பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க” என்றார்.

ஓதினோம். தண்ணீரில் ஊதிக் கொடுத்தோம். ஒருவர் சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் ஓமத் திராவகம் கொண்டு வந்தார். வலி குறைந்ததுபோல் இருந்தது, பிறகு கூடிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று யாரோ சொன்னபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. வழியிலேயே வபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மறுநாள் ஜனாஸாத் தொழுகையை முன்னின்று நடத்தியவரும் நாம்தான். கபுரில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, “அஜல் வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?” என்று பெரியவர்கள் நமக்கு ஆறுதல் சொன்னார்கள். அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது; அதில் முஃமினுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நம் கையில் இருந்தது. அதைப் பற்றி மறுமையில் கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்வது என்ற கவலை அன்றிரவு நம்மைத் தூங்க விடவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தது ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் செய்தி. ஓதிய நாளில் வேகமாகக் கடந்துபோன இடம் அது. அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஸஃது (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் பார்க்க வந்தார்கள். தங்கள் திருக்கரத்தை அவரது நெஞ்சின் நடுவே வைத்தார்கள்; அதன் குளிர்ச்சி தம் இதயம் வரை எட்டியதாக ஸஃது (ரலி) சொல்கிறார்கள். பிறகு, உமக்கு இதயத்தில் நோய் கண்டிருக்கிறது என்று சொல்லி, ஸகீஃப் குலத்து ஹாரிஸ் பின் கலதா என்ற வைத்தியரிடம் போகும்படி ஏவினார்கள். அஜ்வா பேரீச்சம்பழத்தைக் கொட்டையோடு இடித்து மருந்தாகக் கொடுக்கும்படியும் சொன்னார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்கள் பேசியிருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவம் செய்துகொள்ளத் தூண்டும் ஸஹீஹான ஹதீஸ்கள் வேறு பல உண்டு. எனினும் இந்தச் செய்தியின் வரிசையைக் கவனியுங்கள். கை வைத்தார்கள்; உடனே வைத்தியரிடம் அனுப்பினார்கள். நபியின் கையைவிடப் பரக்கத்துள்ள கை எது? அந்தக் கை பட்ட பிறகும் வைத்தியர் தேவைப்பட்டார். நாமோ முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, இரண்டாம் பாதியை ஒரு மணி நேரம் மறந்து நின்றோம்.

“தக்தீரை மிஞ்ச முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் பயணம் பதிலாக இருக்கிறது. ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் சர்க் என்ற இடத்தில், முன்னே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிந்து அவர்கள் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் விடை சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். ஒருவர் தம் உடம்பைக் காப்பாற்றிக்கொண்ட கதையல்ல இது. ஓர் ஆட்சித் தலைவர் ஒரு கூட்டத்தையே காப்பாற்றிய கதை.

நமது பேச்சின் மையமும் அதுதான். மாரடைப்பு என்றதும், “எண்ணெய்யைக் குறை, நட, பீடியை விடு” என்று ஆளுக்கு ஆள் உபதேசம் செய்கிறோம். ஆனால் எண்ணெய்யை ஊற்றுவது பெரும்பாலும் அந்த ஆள் அல்ல. விருந்து ஜமாஅத் வழக்கப்படி நடக்கிறது. கஞ்சி பள்ளிவாசலில் காய்ச்சப்படுகிறது. பெட்டிக்கடை வக்ஃபு இடத்தில் இருக்கிறது. பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் இரட்டை ஷிப்டு பார்ப்பவனுக்கு டீயும் பன்னும் பீடியும்தான் இடைவேளை. நோயைச் சேர்ந்து வளர்த்துவிட்டு, தடுப்பதை மட்டும் தனி ஆளின் தலையில் கட்டுகிறோம்.

டாக்டர்கள் சொல்வதையும் சுருக்கமாகக் கேட்டுக்கொள்வோம். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. உலகில் வரும் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று அது காட்டிற்று. புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, தொப்பை, மனச்சுமை, உடல் அசையாமை, காய்கனி குறைவாக உண்பது ஆகியவை அதில் அடங்கும். அதே ஆய்வின் தொடர்ச்சி 2007இல் வந்தது. நம் தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் அது 59க்குப் பக்கம். நம் பிள்ளைகள் யத்தீம்களாவது ஆறு ஆண்டு முன்னதாக என்று இதற்குப் பொருள்.

இதை ஓர் ஊர் கூடி மாற்ற முடியுமா? மாற்றியிருக்கிறார்கள். ஃபின்லாந்து நாட்டில் வடக்குக் கரேலியா என்றொரு மாகாணம். பனியும் காடுமான பகுதி. மாடு வளர்ப்பவர்கள், மரம் வெட்டுபவர்கள். உழைப்பாளிகள்தான்; ஆனாலும் நடு வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். ரொட்டியில் வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், உப்பு, சிகரெட். 1971இல் அம்மக்களின் பிரதிநிதிகள் கூடி அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் பொறுப்பில் வேலை தொடங்கிற்று. அவர் மருந்துச் சீட்டை மட்டும் நம்பவில்லை. மார்த்தா என்ற பெண்கள் சங்கத்தாரோடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் கூட்டங்கள் நடத்தினார்; அதே குழம்பில் கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்த ஊர் கொழுப்பை அதிகம் குறைக்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டி வைத்தார்கள். வெண்ணெய் விற்பனை குறைந்தால் மாட்டுக்காரன் வாழ்வது எப்படி? அவர்களில் பலருக்குப் பழச்செடி பயிரிட உதவினார்கள். பாலில் உள்ள கொழுப்பை வைத்து விலை போடும் முறையை அரசு மாற்றிற்று. 1976இல் புகையிலைச் சட்டம் வந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் கூடிச் செய்வது என்றால் என்ன என்பதை நமக்கு அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஹிக்மத் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள நமக்குத் தடையில்லை.

நம் நாட்டிலும் அரசு சும்மா இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை வந்தது. டால்டா போன்றவற்றில் உள்ள கெட்ட கொழுப்பு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள், நமது கொங்குச் சீமையின் வடக்கோரமான கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டேடின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் ஏற்பாடு. நமது திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அந்த மாத்திரைகளைப் பற்றி நமக்கு அன்று தெரியாது. சோடாக்கடை எங்கே என்று தெரிந்திருந்தது.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. இரத்த அழுத்தம் பார்க்க அந்தப் பெண்கள் வாசலுக்கு வந்தால், “எங்களுக்கு ஒன்றுமில்லைங்க” என்று கதவைச் சாத்தாதீர்கள். இரத்த அழுத்தம் வலிக்காது. வலிக்காததால் இல்லை என்றாகிவிடாது. உங்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியே பெரிதாகத் தெரியாமல் மூச்சு வாங்குவது, முதுகிலோ தாடையிலோ வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வரலாம். வீட்டு வேலைக் களைப்பு என்று எண்ணி அடுப்படியிலேயே நின்றுவிடுகிறீர்கள். அதோடு, வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் கண்ணியம் என்று சொல்லி உங்களை நடக்க விடாமல் வைத்திருப்பதில் ஆண்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயமே வைத்திருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடைபாதை இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பிறகு நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து பர்தாவோடு நடந்தால் எந்த மார்க்கச் சட்டம் குறுக்கே வருகிறது?

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்த இரண்டு ஹதீஸ்கள் புகாரியில் இருக்கின்றன. ஒன்றில், உடம்பில் ஒரு சதைத்துண்டு சீரானால் உடம்பு முழுதும் சீராகும், அது கெட்டால் முழுதும் கெடும், அதுதான் கல்பு என்று சொல்லப்படுகிறது. அது உள்ளத்தைப் பற்றிய பேச்சு. அதை வைத்தியக் குறிப்பாக்கிப் பேசும் வழக்கம் நமக்கில்லை. மற்றொன்று கப்பல் உவமை. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காக அடியில் துளை போடப் பார்க்கிறார்கள். மேல்தட்டில் இருப்பவர்கள் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். “என் வயிறு, என் காசு, நான் சாப்பிடுகிறேன்” என்று சொல்பவரிடம் இந்த இரண்டாவது ஹதீஸைத்தான் சொல்ல வேண்டும். வலீமா சுன்னத்தானது. ஒரு ஆட்டைக் கொண்டாவது கொடுங்கள் என்ற ஏவல் உண்டு. ஆனால் டால்டா மிதக்கும் பிரியாணி, அதன் மேல் பொரித்த கோழி, அதன் மேல் பிரெட் அல்வா என்று இந்த வரிசை எங்கிருந்து வந்தது? உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற பொருளில் அல் அஃராஃப் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்குப் போதும் என்பது நபிவழி. நம் விருந்தில் மூச்சுக்கு ஒதுக்கிய பங்கிலும் சோறுதான் இருக்கிறது. கொங்கு நாட்டுப் பாட்டிமார் கம்பும் சோளமும் கொள்ளும் ஆக்கினார்கள். அதை ஏழை உணவு என்று நாம் தள்ளினோம்.

இவற்றையெல்லாம் நினைத்து, அந்த ஜனாஸா முடிந்து நாற்பது நாள் ஆவதற்குள் முத்தவல்லி சாஹிபிடமும் நிர்வாகிகளிடமும் நான்கு வேண்டுகோள் வைத்தோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சுகாதார நிலையத்தாரை அழைத்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. நெஞ்சுவலி என்றால் முதலில் 108, பிறகு துஆ என்று பெரிய எழுத்தில் திண்ணையில் எழுதி மாட்டுவது. நோன்புக் கஞ்சியில் உப்பையும் எண்ணெய்யையும் குறைத்து, கூடக் கொடுக்கும் வடை, சமோசாவை நிறுத்துவது. நான்காவது, வக்ஃபு இடத்தில் உள்ள பெட்டிக்கடையில் பீடி சிகரெட் விற்பனையை நிறுத்துவது.

முதல் இரண்டையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை வந்தவர்களில் பலருக்கு அழுத்தம் கூடியிருந்தது. அவர்களில் நிறையப் பேருக்கு அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது. வபாத்தானவரின் மூத்த மகனும் வரிசையில் நின்றான். படிப்பை நிறுத்திவிட்டு இப்போது பட்டறையை அவன்தான் பார்க்கிறான்.

கஞ்சி விஷயம் பெரும்பாடாகிவிட்டது. அந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு பச்சரிசி கொடுத்து வந்திருக்கிறது. அரசும் ஜமாஅத்தும் சேரும் பாத்திரம் அது ஒன்றுதான். சமையல்காரர் அண்ணனிடம் சொல்லி முதல் பத்து நோன்பில் உப்பைச் சிறிதும், அடுத்த பத்தில் இன்னும் சிறிதும் குறைக்கச் செய்தோம். “கஞ்சி இந்த வருஷம் சப்புன்னு இருக்குதுங்க அஜ்ரத்” என்று ஒரு பெரியவர் வந்து சொன்னார். மறுப்புச் சொல்லவில்லை. இருபத்தேழாம் கிழமை அன்று அவரே இரண்டாம் குவளை வாங்கிப் போனதைப் பார்த்தோம். வடையை நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் பழத்துண்டு கொடுக்கிறார்கள்.

கடை விஷயம்தான் நிற்கிறது. வாடகை போய்விட்டால் முஅத்தின் சம்பளத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். புகையிலை மக்ரூஹா ஹராமா என்று உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும் ஒருவர் நமக்கே கிதாபு சொன்னார். உயிரைக் கொல்லும் என்று தெரியாத காலத்தில் எழுதப்பட்டதற்கும், தெரிந்த காலத்தில் வாடகை வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு என்று சொன்னோம். கரேலியாக்காரர்கள் மாட்டுக்காரனுக்குப் பழச்செடி கொடுத்ததுபோல, இந்தக் கடைக்காரருக்குப் பழமும் கடலையும் கொள்முதல் செய்ய பைத்துல்மாலிலிருந்து கர்ளே ஹஸனா கொடுக்கலாம் என்பது நமது யோசனை. அடுத்த கூட்டத்தில் அது வருகிறது. வாடகைப் புத்தகத்தையும் எடுத்து வரும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம்.