உயிர் காக்கும் கடமை

 

தொழுகை எவ்வளவு பெரிய பர்லு என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். தக்பீர் கட்டியபின் பேசலாகாது, திரும்பிப் பார்க்கலாகாது. ஆயினும், தொழுதுகொண்டிருப்பவன் காதில் நீரில் மூழ்கும் ஒருவனின் அபயக் குரல் விழுந்து, அவனைக் காக்கும் சக்தியும் இவனுக்கு இருக்குமானால், தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்று நம் இமாம்கள் சட்டம் வகுத்திருக்கிறார்கள். விட்ட தொழுகையைக் களாச் செய்யலாம். போன உயிரைக் களாச் செய்ய முடியுமா?

சூரத்துல் மாயிதாவின் 32-ஆம் ஆயத்திலே, ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு நிகராக அல்லாஹுத் தஆலா உயர்த்தி வைத்திருக்கிறான்.

“இது பர்லு கிபாயாதானே, சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு நீங்கிவிடுமே” என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்துக்கு மற்றொரு பாதியும் உண்டு. காப்பாற்றக்கூடியவன் அந்த இடத்தில் ஒருவனே என்றால், அது அவன்மீது பர்லு ஐன் ஆகிவிடுகிறது. மூச்சு நின்றவனின் மூளை நாலைந்து நிமிஷங்களிலேயே கெடத் தொடங்கும். ஆகவே பக்கத்தில் நிற்பவனே முதல் பொறுப்பாளி.

வியாபாரிகளாகிய நாம் கொடுக்கத் தெரிந்தவர்கள். வெள்ளம், புயல் என்று கேள்விப்பட்டால் கல்லாப் பெட்டியைத் திறக்கிறோம். அரிசியும் துணியும் அனுப்புகிறோம். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக! ஆனால் நம் பணம் போய்ச் சேர்வது கரையேறியவனிடந்தான். தண்ணீரில் தத்தளிப்பவனுக்குப் பணம் எட்டாது, கைதான் எட்டும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சென்னை நகரம் மூழ்கியபோது, பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. ஆனால் வீட்டு மாடிகளில் சிக்கிக்கொண்டவர்களை முதலில் வெளியே கொண்டுவர வேண்டுமே! அதற்குக் கடலோர மீனவர்கள் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்தார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளக்காடானது. அப்போதும் மீனவர்களே தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். பலர் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. 600-க்கு மேற்பட்ட படகுகள். காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர். மலப்புரம் மாவட்டம் வேங்கரையில் பெண்கள் ரப்பர் படகில் ஏற முடியாமல் தவித்தபோது, தானூரைச் சேர்ந்த ஒரு மீனவர் வெள்ளத்திலேயே குனிந்து மண்டியிட்டுத் தம் முதுகைப் படியாக்கிக் கொடுத்தார். அவரும் நம் மார்க்கத்தவரே. வீடுகளின் மதில்களில் மோதிப் பல படகுகள் சேதமாயின. நாள் ஒன்றுக்கு ரூபாய் 3,000 தருவதாக அரசாங்கம் அறிவித்தபோது, சகோதரர்களைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களிலே இருந்தார்கள்.

சகோதரர்களே! அந்த ஏழைகளிடம் நம்மைப்போல் முதல் இல்லை. நீரோட்டத்தை அறியும் கண்ணும், துடுப்புப் பிடித்த கையுமே அவர்கள் முதல். அது வெள்ளம் வந்த அன்று சம்பாதித்ததல்ல. வெள்ளத்துக்கு முன்பே அவர்களிடம் இருந்தது. சரக்கு வாங்கி வைக்காத கடைக்காரன், வாடிக்கைக்காரர் வந்து நிற்கும்போது எதை எடுத்துக் கொடுப்பான்?

“அவர்கள் மீனவர்கள், நாம் கடைக்காரர்கள் ஆயிற்றே” என்று கேட்கலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே செவர்ன் நதியின் கழிமுகம் இருக்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அங்கே நீர்மட்டம் 14 மீட்டர் வரை மாறும். சேறும் சுழலும் நிறைந்த அந்த இடத்தில் மக்களைக் காக்க 1973-இல் தொண்டர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இன்றும் நன்கொடையிலேயே நடக்கிறது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறார்கள். ஓய்வு நேரத்தில் பயிற்சி பெறுகிறார்கள். அழைப்பு வந்தால் படகுக்கு ஓடுகிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நம் சிங்கப்பூரும் நீர் சூழ்ந்த ஊர். 1978 டிசம்பர் 2-ஆம் தேதி ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டி ஏழு உயிர்கள் போயின. இன்று வடிகால்கள் சீராகிவிட்டன. குடிமைத் தற்காப்புப் படை சிறப்பாக இருக்கிறது. ஆயினும், நம் தெம்பனிஸை அடுத்துள்ள பிடோக் நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு பிள்ளை தவறி விழுந்தால், வண்டி வந்து சேரும்வரை அருகில் நிற்பவர் நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

நீந்தத் தெரியாதவன் குதிக்க வேண்டாம். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. 995-க்குச் சொல்லுங்கள், மிதவை வளையமோ கயிறோ எறியுங்கள், ஒரு கம்பை நீட்டுங்கள். இவற்றையும், நெஞ்சை அழுத்தி மூச்சு மீட்கும் முறையையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த ‘மைரெஸ்பாண்டர்’ செயலி, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்றால் உங்களுக்குச் செய்தி சொல்லும். தெம்பனிஸ் ஹப்பில் நீச்சல் குளம் இருக்கிறது. உங்கள் மக்களைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு வாலிபரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்த நேரத்துக்கு அவர் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், அதுவும் ஸதக்காவே.

கொடுக்கும் கையோடு காக்கும் கையையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.