கடைசி எதிரி எங்கே?



இரவு உணவு முடிந்து வீடு ஓய்ந்திருக்கும் வேளையில் உங்கள் மகனின் அறையிலிருந்து துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு கணம் திடுக்கிடுவீர்கள். உண்மையான வெடியோசை கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடிய காலம் உங்கள் உடலை விட்டு இன்னும் அகலவில்லை. அவனுக்கோ 2009 இற்கு முன் நடந்தவை எல்லாம் பெரியவர்கள் சொல்லும் கதை. கதவைத் திறந்து பார்த்தால், கணினித் திரையிலே ஒரு சுடும் விளையாட்டு.

"என்ன தம்பி இது?"

"கடைசிப் பொஸ், அப்பா. இவனை முடிச்சால் கேம் முடிஞ்சுது."

இனி வெற்றி ஆரவாரம் கேட்கும் என்று நிற்கிறீர்கள். கேட்பதோ சலிப்பு. "சீ, இவ்வளவுதானா? இவன் ஒண்டுக்கும் உதவாத வில்லன்."

இந்தச் சலிப்பைப் பற்றித்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். தீயவன் எளிதில் வீழ்ந்தால் மகிழ்ச்சியல்லவா உண்டாக வேண்டும்? பெரிய, கொடிய, இலகுவில் சாகாத எதிரி ஒருவன் வேண்டுமென மனிதன் ஏன் ஏங்குகிறான்?

பொஸ் பிறந்த கதை

இவ்விளையாட்டுகளைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வழியெங்கும் சிறு எதிரிகளைச் சுட்டு வீழ்த்திக்கொண்டு செல்பவன் முன், ஒரு கட்டத்தின் முடிவில் பெரிய எதிரி ஒருவன் தோன்றுவான். அவனையே 'பொஸ்' என்கிறார்கள். பல விளையாட்டுகளில் அவனது உயிரின் அளவைக் காட்டும் கோடு ஒன்று திரையில் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் அக்கோடு குறைந்துகொண்டு வரும். கோடு முடிந்தால் தீமையும் முடிந்தது.

1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'வொல்ஃபென்ஸ்டைன் திரீடி' என்ற விளையாட்டின் மூன்றாம் பாகத்தின் முடிவில் வருகிற பொஸ் வேறு யாருமல்ல, ஹிட்லரே! இரும்புக் கவசத்துக்குள் நின்று, இயந்திரத் துவக்குகளால் குண்டு மாரி பொழிகிறான். அதைச் செய்த குழுவினரே 1993 இல் 'டூம்' என்ற விளையாட்டைத் தந்தனர். அதிலே நரகத்தின் பிசாசுகளே பொஸ்களாக வருகின்றன. அன்று தொட்டு இன்றுவரை சுடும் விளையாட்டுகளில் பல இந்த வழியிலேயே செல்கின்றன.

இதில் ஒரு நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன். பத்து முறை தோற்றுப் பதினோராம் முறை வெல்லும் பிள்ளை விடாமுயற்சியை ஓரளவேனும் கற்கிறான். தீயவன் வீழும்போது மனம் மகிழ்வதும் பாவமல்ல. நீதியின்மேல் நமக்குள்ள தாகத்தின் அடையாளம் அது. ஆனால் பார்ப்போரும் விளையாடுவோரும் காட்டும் வேறு சில உணர்ச்சிகள் அவ்வளவு எளிதில் விளங்குவன அல்ல.

வில்லன்மேல் விருப்பம்

முதலாவது, வில்லனை விரும்புதல். 2012 இல் வெளிவந்த 'ஃபார் க்ரை 3' என்ற விளையாட்டில் வாஸ் என்றொரு கடற்கொள்ளையர் தலைவன் வருகிறான். மனிதரைப் பிடித்து விற்பவன், சிரித்துக்கொண்டே கொல்பவன். அவனுக்கு உயிர் கொடுத்தவர் மைக்கல் மண்டோ என்ற கனேடிய நடிகர். கதையின் நடுப்பகுதியிலேயே வாஸ் மடிந்துவிடுகிறான். அதன்பின் அவனுக்கும் மேலான வேறொரு கொடியவன் கடைசி எதிரியாக வருகிறான். விளையாடியவர்கள் பலர் குறைப்பட்டது எதற்காகத் தெரியுமா? வாஸ் போனபின் விளையாட்டில் உயிரில்லை என்பதற்காக! நிறுவனமும் அதை மறக்கவில்லை. 2021 இல் 'ஃபார் க்ரை 6' வந்த ஆண்டிலேயே, வாஸாகவே மாறி விளையாடுவதற்கென்று ஒரு தனிப் பகுதியை வெளியிட்டது.

அப்படியானால் நம் பிள்ளைகள் தீமையை நேசிக்கத் தொடங்கிவிட்டார்களா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள். புனித அகுஸ்தீனாரும் அவருக்குப் பின் புனித தோமஸ் அக்குவைனாசும் கற்பித்த ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்வது பயன் தரும். தீமை என்பது தனக்கெனச் சொந்தமாக நிற்கும் ஒரு பொருளல்ல. இருக்கவேண்டிய நன்மை இல்லாதுபோவதே தீமை. ஆகவே தூய தீமையை எவராலும் நேசிக்க முடியாது. வாஸிடம் நம்மைக் கவர்வது எது? அவனது துணிவு, பேச்சுத் திறன், கண்களின் ஒளி, எதிர்பாராத நகைச்சுவை. இவை யாவும் நன்மைகளே. தீயவன் அவற்றைக் கடனாகப் பெற்றிருக்கிறான், அவ்வளவுதான்.

ஆயினும் இங்கேதான் கவனம் தேவை. உலகில் நம்மைக் கெடுக்க வருபவன் கொம்பும் வாலும் வைத்துக்கொண்டு வருவதில்லை. கடன் வாங்கிய அழகோடுதான் வருகிறான். வில்லனின் பேச்சில் மயங்கிய பிள்ளையிடம், "அவனிலே உனக்குப் பிடித்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். பிடித்ததையும் கெட்டதையும் அவன் தானே பிரித்தறியத் தொடங்கினால், அது பெரிய பாடம்.

எதிரி சிறியவனாக இருந்தால்

இரண்டாவது, ஏமாற்றம். 2007 இல் வெளிவந்த 'பயோஷொக்' பலராலும் போற்றப்பட்ட விளையாட்டு. கடலுக்கடியில் கட்டப்பட்டு அழிந்துபோன ஒரு நகரம். வானொலியில் ஒருவன் நம்மோடு பேசுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற உதவி கேட்கிறான். அவனை நம்பி அவன் சொன்னபடியெல்லாம் செய்கிறோம். பாதி வழியில்தான் தெரிகிறது, அவனே பெரும் வஞ்சகன். குடும்பம் என்றொன்று இருந்ததேயில்லை. அவன் பணிவோடு கேட்ட ஒரு சொற்றொடர் நம்மை ஆட்டிவைக்கும் கட்டளையாக இருந்தது. விளையாடியவர்கள் அந்த இடத்தில் அதிர்ந்துபோனார்கள். தாம் சுதந்திரமாகச் செயற்பட்டதாக எண்ணியது பொய் என்று கண்டார்கள்.

அதே வஞ்சகன் கடைசியில் மருந்தேற்றிக்கொண்டு சிலைபோன்ற இராட்சத உடலோடு சண்டைக்கு வருகிறான். அந்தக் கடைசிச் சண்டை பிடிக்கவில்லை என்று விளையாடியவர்கள் பலர் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். ஏன்? அவனது ஆயுதம் நாக்கு. பொய்யினால் நம்மை அடிமையாக்கியவனைத் தசையினால் வெல்வதில் என்ன வெற்றி? பொய்யைச் சுட முடியாது. அதைக் கண்டறிய வேண்டும், அதை நம்பிய நம்மையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டுக் குண்டுகளை எண்ணும்படி விட்டதால்தான் இந்தச் சலிப்பு.

உண்மை உலகிலும் இவ்வகை ஏமாற்றம் நிகழ்ந்ததுண்டு. யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பும் ஒழுங்குகளைச் செய்த அடொல்ஃப் ஐக்மன் 1961 இல் எருசலேமில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டான். இலட்சக்கணக்கானோரின் சாவுக்குப் பொறுப்பானவன் ஓர் அரக்கனாகத்தான் இருப்பான் என்று உலகம் எதிர்பார்த்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து அமர்ந்ததோ மூக்குக்கண்ணாடி அணிந்த, மெலிந்த ஒரு மனிதன். கோவைகளையும் கட்டளைகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவ்விசாரணையைப் பார்த்து எழுதிய ஹன்னா அரென்ட் என்ற மெய்யியலாளர், 1963 இல் வெளிவந்த தம் நூலில், தீமை எவ்வளவு சாதாரண முகத்தோடு இருக்கக்கூடும் என்பதைச் சுட்டிக்காட்டினார். ஐக்மனை அவர் மதிப்பிட்ட விதத்தைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த முகத்தைக் கண்டவர்கள் அடைந்த திகைப்பை யாரும் மறுப்பதில்லை.

ஹிட்லரை இரும்புக் கவசத்துக்குள் வைத்துச் சுட்டு மகிழ்வது எளிது. ஆனால் இரும்புக் கவசமா அத்தனை கொலைகளையும் செய்தது? கையொப்பமிட்ட எழுதுவினைஞரும், புகையிரதம் ஓட்டியவரும், அயல்வீடு வெறுமையானதைக் கண்டும் காணாதிருந்தவரும் அல்லவா செய்தார்கள்? அவர்களுடைய தலைக்குமேல் உயிர்க்கோடு எதுவும் தெரிவதில்லை.

எதிரியே இல்லையென்றால்

மூன்றாவது உணர்ச்சி கோபம். இதுவே எல்லாவற்றிலும் ஆழமானது. ஜேர்மனியின் பேர்லின் நகரிலுள்ள ஒரு நிறுவனம் உருவாக்கி, 2012 இல் வெளிவந்தது 'ஸ்பெக் ஒப்ஸ்: த லைன்'. மணற்புயலால் புதைந்துபோன டுபாய் நகருக்குள் கப்டன் வோக்கர் என்ற அமெரிக்க வீரன் இரு தோழரோடு செல்கிறான். அங்கே தன் படையோடு சிக்கிக்கொண்ட கேணல் கொன்ராட் என்பவரைத் தேடுகிறான். போகப் போக எங்கும் கொடுமை. எல்லாவற்றுக்கும் காரணம் கொன்ராட்தான் என்று வோக்கர் நம்புகிறான். நாமும் நம்புகிறோம். கடைசிப் பொஸ் அவர்தான் என்று காத்திருக்கிறோம்.

வழியில் ஒரு காட்சி. எதிரிப் படை பெரிதாக நிற்கிறது. வோக்கர் வெண்பொஸ்பரஸ் மோட்டார் குண்டுகளைப் பயன்படுத்துகிறான். நாம் காண்பது மேலிருந்து எடுத்த படத்தில் நகரும் வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே. அந்தச் சிறு திரையின்மேல் வோக்கரின் முகம் நிழலாகத் தெரிகிறது. புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பிறகு அந்தப் புகைக்குள் நடந்து போகவேண்டும். கருகிக் கிடப்பவர்களுள் அடைக்கலம் தேடிய பொதுமக்களும் இருக்கிறார்கள். பிள்ளையை மார்போடு அணைத்தபடியே மடிந்த ஒரு தாயும் இருக்கிறாள்.

விளையாடியவர்களுள் பலர் கொதித்தெழுந்தார்கள். "எனக்கு வேறு வழி தரப்படவில்லையே! என்னைச் செய்யவைத்துவிட்டு என்னையே குற்றஞ்சாட்டுவது நியாயமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முடிவைக் கேளுங்கள். உயர்ந்த கோபுரத்தின் உச்சிக்கு வோக்கர் ஏறிச் செல்கிறான். அங்கே கொன்ராட் இருக்கிறார், பிணமாக. இறந்து நெடுநாளாயிற்று. வழி முழுவதும் வோக்கரோடு பேசிய குரல் அவனுடைய மனமே கட்டிய கற்பனை. சுடுவதற்குக் கடைசி எதிரி இல்லை. இருப்பது ஒரு கண்ணாடியும் அதில் தெரியும் உருவமும்தான்.

வோக்கருக்கு ஏன் ஒரு வில்லன் தேவைப்பட்டான்? தன் கைகளைப் பார்க்காமலிருப்பதற்கு. கொன்ராட் எவ்வளவுக்குக் கொடியவரோ அவ்வளவுக்குத் தான் குற்றமற்றவன். இதை எழுதும்போது என் நெஞ்சும் குத்துகிறது. பெரிய எதிரி ஒருவன் வேண்டும் என்ற நமது ஏக்கத்துக்குள், நாம் நல்லவர்களாகத் தோன்ற வேண்டும் என்ற ஏக்கமும் ஒளிந்திருக்கிறதல்லவா? போரைக் கண்ட நமக்கு இது விளையாட்டல்ல. நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் உண்மையானவை. அவற்றை மறக்கும்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் குற்றமெல்லாம் எதிர்ப்பக்கத்திலேதான் என்று சொல்லிக்கொண்டு நம் பக்கத்தில் நடந்தவற்றைப் பேசாமல் மூடிவைத்தால், நாமும் இறந்துபோன கொன்ராட்டோடு பேசிக்கொண்டிருப்பவர்களே. குடும்பச் சண்டையிலும் காணித் தகராறிலும் இதே கதைதான்.

கூட்டத்தின் ஆரவாரம்

புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பாகத்தில் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார். உரோமையில் மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மடியும் அரங்குக்குத் தோழர்கள் அவரை வற்புறுத்தி இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவன் வீழ்ந்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தம் காது வழியே புகுந்து கண்களைத் திறந்துவிட்டது. அதன்பின் வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர்.

அவரை வீழ்த்தியது வாளல்ல, மற்றவர்களின் ஆரவாரம். இன்று பிள்ளைகள் தனியே விளையாடுவதில்லை. பிறர் விளையாடுவதைப் பார்க்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். திரையில் சாவது வெறும் படம்தான். உரோமையில் செத்தது மனிதன். இந்த வேறுபாடு பெரிது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஆரவாரத்தில் கரைந்து தன் தீர்ப்பை இழக்கும் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

அப்படியானால் தடைசெய்துவிடலாமா? சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இவை பெரியவர்களுக்கென்று குறிக்கப்பட்டவை. வளர்ந்தவர்களிடம் பேசுங்கள். 'ஃபார் க்ரை 4' என்ற விளையாட்டு 2014 இல் வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு கொடுங்கோலன் நம்மை உணவு மேசையில் இருத்தி, தான் திரும்பிவரும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். பெரும்பாலோர் உடனே தப்பியோடிப் போரைத் தொடங்குவார்கள். ஆனால் ஏறக்குறைய கால் மணி நேரம் அப்படியே அமர்ந்திருந்தால் அவன் திரும்பி வருகிறான். நம் தாயின் சாம்பலை வைக்கவேண்டிய இடத்துக்கு அழைத்துச் செல்கிறான். நாம் வந்த காரியம் நிறைவேறுகிறது. போர் தொடங்காமலே விளையாட்டு முடிந்துவிடுகிறது! அவன் நல்லவன் என்பதல்ல இதன் பொருள். நாம் அங்கே வந்தது எதற்காக என்பதைக் கேட்டுப் பார்க்கக்கூட நமக்குப் பொறுமை இருக்கவில்லை என்பதே.

'ஸ்பெக் ஒப்ஸ்' கதையை எழுதியவர்களுள் ஒருவரான வால்ட் வில்லியம்ஸும், விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போவதையும் ஒரு முடிவாகவே கருதினார். அந்த விளையாட்டு 2024 இல் இணைய விற்பனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அது கேட்ட கேள்வி நீங்கவில்லை.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை உங்கள் மகன் "இவ்வளவுதானா?" என்று சலித்துக்கொண்டால், கோபிக்காமல் அருகே கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். "யாரைத் தேடினாய், தம்பி? ஏன் அவன் பெரியவனாக இருக்கவேண்டும் என்று நினைத்தாய்?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது, அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.