பங்கீட்டின் அளவுகோல்: இனமா, குடும்பமா?

மலேசியப் பள்ளிகளின் சபைகூடலில் மாணவர்கள் எழுந்து நின்று ருக்குன் நெகாராவைச் சொல்கிறார்கள். 1969 மே 13 இனக் கலவரத்தின் ரணம் ஆறுவதற்குள், 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடு அது. அதன் முதல் நெறி இறைவன் மீது நம்பிக்கை. நாட்டின் செல்வத்தை எல்லோரும் நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் சமுதாயம் அதன் குறிக்கோள்களில் ஒன்று. இறைநம்பிக்கையையும் பங்கீட்டையும் ஒரே பிரகடனத்தில் வைத்த நாட்டைப் பார்த்து ஓர் அறக்கேள்வியைக் கேட்கலாம்: நியாயமான பங்கை எதைக் கொண்டு அளப்பது? பிறந்த இனத்தைக் கொண்டா, படும் பாட்டைக் கொண்டா?

கேள்வி எளிது, விடை எளிதல்ல. 1970இல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பங்களில் 64.8 விழுக்காடு வறுமையில் இருந்தன. இந்தியர்களில் 39.2, சீனர்களில் 26 விழுக்காடு. நெல் வயலிலும் மீன்பிடிக் கிராமத்திலும் காலனி ஆட்சி விட்டுச்சென்ற மக்களைத் தூக்கிவிட அரசு முனைந்ததில் தவறில்லை. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவது நீதியாகாது என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்கும் அரசமைப்பின் 153ஆவது பிரிவு, மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் அதே வாக்கியத்தில் காக்கச் சொல்கிறது.

சிக்கல் 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் உள்ளேயே இருந்தது. அதற்கு இரண்டு நோக்கங்கள். இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது ஒன்று. தொழிலுக்கும் இனத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துச் சமூகத்தை மாற்றியமைப்பது மற்றொன்று. 1990க்குள், மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும் அடங்கிய பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்ற இலக்கு இதில் அடங்கும். முதல் நோக்கம் குடும்பத்தை எண்ணியது. இரண்டாவது நோக்கம் இனத்தை எண்ணியது. இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவே தவறி விழுந்தவர்கள் பேரா மாநிலத்தின் தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள்.

தெற்குப் பேராவில் துரோலாக், பெசோட் வட்டாரங்களில் ஃபெல்டா குடியேற்றங்கள் உண்டு. 1956இல் தொடங்கிய ஃபெல்டா, காட்டைத் திருத்தி நிலமில்லாத கிராமத்து ஏழைக்குச் சுமார் 10 ஏக்கர் நிலமும் ஒரு வீடும் கொடுத்தது. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். கடன் அடைந்ததும் நிலம் அவர்களுடையதானது. வடக்கே சுங்கை சிப்புட்டில் எல்ஃபில், டவன்பி, ஹீவுட் தோட்டங்களிலும் தமிழ்ப் பாட்டாளிகள் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டினார்கள். அதே மரம், அதே கத்தி. ஆனால் இவர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியது கம்பெனியின் மரம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வீட்டைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக வைத்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் வாசலோடு நின்றுவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தபோது, வெளியேறியவர்கள் ஈப்போவின் மலிவு அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மனும் முனீஸ்வரரும்கூட அடுத்தவர் பெயரில் உள்ள நிலத்தில் நிற்கும் நிலை பல இடங்களில் உண்டானது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் இழந்தவர்களைப் பார்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி, உழைத்த தோட்டத்தைத் தாங்களே வாங்குவது அதன் திட்டம். கெடாவின் புக்கிட் சிடிம் முதலில் வாங்கப்பட்டது. ஒரு பகுதி மக்களுக்கு அரசு நிலம் கொடுத்த அதே காலத்தில், இன்னொரு பகுதியினர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து நிலம் தேடினார்கள். அவர்களுடைய தன்மானம் பெருமைக்குரியது. அரசின் நீதிக்கு அது மாற்றாகாது.

பயன் குறைந்தால் கேட்பதற்குப் பிரதிநிதி வேண்டும். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி மலேசியாவில் ஒன்றுகூட இல்லை. வாக்கின் எடையும் சமமில்லை. தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கை 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்றது 1957 அரசமைப்பு. 1962இல் அந்த வரம்பு தளர்ந்தது; 1973இல் எண் வரம்பே நீங்கியது. 2013 தேர்தலில் காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்தான். ஆட்சித் தலைமைக்கும் இன வரம்பு உண்டு. 2008இல் பேரா சட்டமன்றத்தின் 59 இடங்களில் பக்காத்தான் கூட்டணிக்கு 31 கிடைத்தன: ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6. ஆனால் மாநில ஆட்சித் தலைவரான மந்திரி பெசார் ஆனவர், மூன்றில் மிகக் குறைந்த இடங்கள் பெற்ற பாஸ் கட்சியின் நிசார் ஜமாலுடின். சுல்தான் விலக்கு அளித்தாலொழிய மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது பேராவின் அரசமைப்பு.

ஆனால் ஒரே இனத்தவர் பேசினால் குறை தீர்ந்துவிடுமா? சுங்கை சிப்புட்டை 1959 முதல் 1974 வரை சம்பந்தனும், 2008 வரை ச. சாமிவேலுவும் பிரதிநிதித்தார்கள். இருவரும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர்கள், நீண்ட கால அமைச்சர்கள். இவ்வளவு இருந்தும் தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. 2008இல் வாக்காளர்கள் பொதுவுடைமைவாதியான மருத்துவர் மைக்கல் ஜெயக்குமாரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமைச்சரவையில் ஒரு நாற்காலி என்பது இனத்தின் பங்காக எண்ணப்படும்போது, அதில் அமர்ந்தவர் தொகுதி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மங்கிப்போகிறது.

இன அளவுகோலின் குறையை இன்னும் கூர்மையாகக் காட்டுபவர்கள் அதே சுங்கை சிப்புட்டின் உட்காடுகளில் வாழும் தெமியார் மக்கள். தீபகற்பத்தின் ஆதிக்குடிகளான ஓராங் அஸ்லிகளை 153ஆவது பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவர்களுக்கான பாதுகாப்பு 8ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்காக வருகிறது. அவர்களில் ஒருவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் வென்று போக 2019 வரை ஆனது. மண்ணின் மூத்த மக்கள் என்பதே சலுகைக்கு அடிப்படையானால், வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

சமயங்கள் இதில் மௌனமாக இல்லை. இஸ்லாத்தில் ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் முதலில் வருபவர்கள் ஏழைகளும் வறியவர்களும். அந்த எட்டில் எதுவும் வம்சத்தால் வரையறுக்கப்பட்டதல்ல. வள்ளுவர் செங்கோன்மையை அரசனுக்குரிய பொருட்பாலில் வைத்தார். நடுவுநிலைமையையோ இல்லறவியலில், குடும்பம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் வைத்தார். கொடுக்கும் அரசுக்கு மட்டுமல்ல, கேட்கும் குடிமகனுக்கும் பெறும் குடிமகனுக்கும் அந்த அறம் உண்டு என்பதே இந்த வைப்புமுறை தரும் பாடம்.

அப்படியானால் இன ஒதுக்கீட்டை அடியோடு நீக்கிவிடலாமா? கூடாது. ஒரு கூட்டமாக ஒடுக்கப்பட்டவர்களைக் கூட்டமாகத்தான் மீட்க முடியும். தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு வரலாறு அதற்குச் சான்று. ஆனால் 1992 மண்டல் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்டோரில் முன்னேறிவிட்ட 'கிரீமி லேயரை' விலக்கச் சொன்னது. கூட்டத்தைப் பார், அதற்குள் குடும்பத்தையும் பார் என்பது அதன் சாரம். மலேசியத் தமிழர்களின் கோரிக்கைக்கும் இது பொருந்தும். 'இந்தியருக்கு இவ்வளவு' என்று மட்டும் கேட்டால், ஈப்போவின் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையும் புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளை விற்பவரின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தெமியார் பிள்ளை அந்த வரிசையிலேயே இருக்காது.

அளவுகோலை மாற்ற முடியும் என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் இடங்கள் நெடுங்காலம் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற இன விகிதத்தில் பிரிக்கப்பட்டன. 2024இல் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' அல்லது அதற்கு மேல் பெறும் எல்லா மாணவர்களுக்கும் இனம் பாராமல் இடம் உண்டு என்று அறிவித்தார். அது தகுதியின் முனையில் திறந்த கதவு. தேவையின் முனையிலும் அது திறக்க வேண்டும்: லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு வீட்டு உரிமை, தெமியார் கிராமத்துக்கு அதன் நிலத்தின் மீது உரிமை. இரண்டையும் ஒரே கோரிக்கையாக முன்வைக்கும் தார்மீகப் பொறுப்பு, தோட்டத்து வறுமையை அறிந்த பேராத் தமிழர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.