கற்றதைத் திருப்பிக் கேட்கலாமா?

வேலையை விட்டுப் போகிறவர் மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிடலாம். பத்து வருடம் கற்ற தொழிலை எப்படி ஒப்படைப்பது? வணிக ரகசிய வழக்குகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சில வழக்குகளில் குழப்பத்துக்கு இடமில்லை. தானியங்கி கார் பொறியாளர் ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி, கூகுளை விட்டு விலகுமுன் சுமார் 14,000 கோப்புகளை எடுத்துச் சென்றதாக, அவர் பின்னர் சேர்ந்த ஊபர் மீது 2017-இல் கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ தொடுத்த வழக்கு கூறியது. பின்னர் ரகசியத் திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்றை அவரே ஒப்புக்கொண்டார். பிறர் பணமும் உழைப்பும் கொட்டி உருவாக்கியதை அள்ளிச் செல்வது துரோகம்தான்.

கோப்பே இல்லாத வழக்குதான் கடினம். இங்கிலாந்தின் ஃபசெண்டா சிக்கன் நிறுவனத்தில், குளிரூட்டிய வேன்களில் கோழியிறைச்சி விற்கும் பிரிவைக் கட்டியெழுப்பிய விற்பனை மேலாளர் விலகி, அதே தொழிலைத் தனியாகத் தொடங்கினார். பழைய சகாக்கள் சிலரும் அவரோடு வந்தார்கள். யார் எப்போது எவ்வளவு வாங்குவார், என்ன விலை கொடுப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த விவரங்களை அவர்கள் பயன்படுத்தியதை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த விவரங்கள் ரகசியம் என்று பணியாளர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

சொல்லாவிட்டால் மனசாட்சிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். ரசாயனக் கலவையின் விகிதத்தை ஒருவர் கண்டால், அது தன்னுடையதல்ல என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசிப் பழகிய நிதானம் யாருடையது? கூலி கொடுத்தவர் அந்த வேலையின் பலனை அன்றன்றே பெற்றுக்கொண்டார். வேலையால் உருவான ஆளையும் தமக்கே உரியவராக அவர் கருத முடியாது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதவை ஆக்குகிறது. முன்வாசலில் மறுக்கப்பட்ட அந்தத் தடையை 'ரகசியம்' என்ற பெயரில் கேட்கும் முதலாளிகளும் உண்டு. ரகசியத் தகவல் தெரியும் என்பதற்காக ஒருவர் நல்ல வேலை தேடும் உரிமையைத் தடுக்க முடியாது என்று ஒரு வங்கி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2006-இல் கூறியது.

வழக்கின் செலவும் காத்திருப்பும் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. தனி மனிதருக்குத் தீர்ப்பு வருமுன்பே பிழைப்பு போய்விடும். ஆகவே, எது ரகசியம் என்பதை வேலையில் இருக்கும்போதே தெளிவாகச் சொல்லும் கடமை வலியவருக்கே அதிகம். ராஜினாமாவுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ரகசியத்தை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்ப்பதே நியாயம்.