லட்டு யார் வாங்கினது?

சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு அப்போது 64 வயது. அலிபிரியிலிருந்து திருப்பதி மலைக்கு 3,550 படி ஏறி, விடியற்காலையில் புஷ்கரிணியின் ஜில்லென்ற தண்ணீரில் முழுக்குப் போட்டார். தரிசன வரிசையில் "எப்போ ஏறினோம்?" என்று கேட்டபோது களைப்பு என்றுதான் நினைத்தோம். திருப்பதிக்கு இறங்கியதும் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"லட்டு யார் வாங்கினது?"

"நீங்கதான், பெரியப்பா."

"நானா? அப்போ உங்க பெரியம்மா காசைக் கண்ணுல காட்டிட்டாளா!"

சிரித்தோம். மூன்று நிமிஷத்தில் அதே கேள்வி, அதே கிண்டல், எழுத்துப் பிசகாமல். ஐந்தாவது தடவை எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மண்டிக்காரர் அல்லவா, மடமடவென்று இறங்கினார். இது எந்த மாவட்டம் என்றதற்கு, "2022-லிருந்து திருப்பதி மாவட்டம். அதுவரைக்கும் எங்க சித்தூர்தான்" என்றார், தெலுங்கில், கொஞ்சம் மனத்தாங்கலோடு. ஆனால் நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களை ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், "நீங்க ஒண்ணும் சொல்லலையே."

பக்கவாதம் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்ட பிறகே டாக்டர் விளக்கினார். தற்காலிக முழு மறதி. 1958-ல் ஃபிஷர், ஆடம்ஸ் என்ற இரு டாக்டர்கள் வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம். கடும் உழைப்போ குளிர்ந்த நீரில் முழுக்கோ கிளப்பிவிடலாம். 24 மணி நேரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். மூளையில் புதிதாக நடப்பதைப் பதிவுசெய்கிற ஹிப்போகாம்பஸ் மட்டும் சில மணி நேரம் கடையடைத்துவிடுகிறது.

நினைவு போனால் புத்தியும் கூடவே போகும் என்று நினைத்திருந்தேன். புத்தி அப்படியே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஒரு நினைப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போக, முதலாவது வந்து போனது தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் புத்தம் புதிதாக யோசித்து அதே கிண்டலுக்கு வந்து சேர்ந்தார். (நினைவு ஒழுங்காக இருக்கிற நான் கல்யாண வீடுகளில் ஒரே கதையைச் சொல்வதற்கு என்ன சாக்கு?)

பெரியம்மா மட்டும் முப்பதாவது தடவையும் முகம் சுளிக்காமல், "நீங்கதாங்க வாங்கினீங்க" என்றார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, "பசிக்குது" என்றார் பெரியப்பா. அப்புறம் லட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தரிசனம் மட்டும் திரும்பி வரவில்லை. "நிஜமா பாத்தேனா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். "ஜெய விஜயர் வாசல்ல நின்னீங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு... துடைக்கக்கூட இல்ல."

இப்போது யாராவது கேட்டால் பெரியப்பா சொல்கிறார்: "ஜெய விஜயர் வாசல்ல நின்னேன். கண்ணுல தண்ணி வந்துச்சு..." பெரியம்மா நிறுத்திய அதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "துடைக்கக்கூட இல்ல."